இது எதற்கு?

எங்கள் கல்வி மையம் கோலார் தங்கவயலில் இருக்கிறது. மாநிலம் கர்நாடகம். ஆனால் எங்கள் தெருவில் பேச்சு தமிழ்தான். பாட்டன், பூட்டன் காலத்தில் சுரங்க வேலைக்கு வந்த குடும்பங்கள் இவை. தங்கச் சுரங்கம் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் மூடப்பட்டது. லைன் வீடுகளில் மக்கள் இன்னும் வாழ்கிறார்கள். மையத்துக்கு மாலை ஏழு மணிக்கு வருவார்கள். பெண்கள்தான் அதிகம்.

ஒரு நாள் நான் ஒரு வேலை கொடுத்தேன்.

"வீட்டில் பழைய பொருள் ஏதாவது இருக்கும். எதற்கு என்றே தெரியாது. பரண் மேல் கிடக்கும். அதை நாளைக்குக் கொண்டு வாருங்கள்."

மறுநாள் மூன்று பொருள்கள் வந்தன. மூன்றாவதைக் கொண்டு வந்த அக்கா அதை முந்தானையில் முடிந்தே வைத்திருந்தார். "முதலில் மற்றவர்களுடையதைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டார். அதனால் அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் பொருள் பித்தளை. உள்ளங்கையில் அடங்கும் சின்னச் செம்பு போல இருந்தது. நடுவில் திருகினால் இரண்டாகப் பிரிகிறது. மேல் பாதியில் ஒரு சின்ன மூடி. பக்கத்தில் வட்டமான ஒரு தட்டு. தட்டின் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. பின்னால் ஒரு கொக்கி.

எல்லோரும் சொல்ல ஆரம்பித்தார்கள்.

"எண்ணெய் ஊற்றும் டப்பா."

"சாமிக்குத் தண்ணீர் தெளிப்பது."

"குழந்தை விளையாடும் அடுப்பு."

அந்த வீட்டுப் பையன், "இதைக் காயலான் கடையில் போட்டால் இருநூறு ரூபாய் வரும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

சுவரோரம் ஒரு தாத்தா உட்கார்ந்திருந்தார். சுரங்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். கண் சரியாகத் தெரியாது. பேத்தியைக் கூட்டிப் போக வந்தவர், பேச்சு கேட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இப்படிக் கொடு பாப்பா" என்றார். கையால் தடவிப் பார்த்தார். திருகித் திறந்தார். மூக்கில் வைத்து மோந்தார்.

"இது கார்பைடு விளக்கு. என் அப்பா காலத்து விளக்கு. நான் வேலைக்குச் சேரும்போது தலையில மாட்டுற பேட்டரி விளக்கு வந்துருச்சு."

பிறகு அவர் விளக்கினார். கீழ்ப் பாதியில் கார்பைடு கல்லைப் போட வேண்டும். மேல் பாதியில் தண்ணீர். மேலே உள்ள சின்னக் கைப்பிடியைத் திருகினால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கல்லின் மேல் விழும். கல்லும் தண்ணீரும் சேர்ந்தால் ஒரு வாயு கிளம்பும். அதன் பெயர் அசெட்டிலின். அது அந்த ஊசித் துளை வழியாக வெளியே வரும். பற்ற வைத்தால் வெள்ளையாக எரியும். தட்டு எதற்கு? வெளிச்சத்தை முன்னால் தள்ளுவதற்கு. கொக்கி? தொப்பியில் மாட்டுவதற்கு.

கார்பைடு கல் என்றதும் பழக்கடை அக்காவுக்குப் புரிந்துவிட்டது. மாம்பழத்தைத் திருட்டுத்தனமாகப் பழுக்க வைப்பார்களே, அதே கல்தான். அப்படிப் பழுக்க வைப்பது சட்டப்படி குற்றம். பூண்டு மாதிரி ஒரு நாற்றம் வரும். தாத்தா மோந்து பார்த்தது அதற்காகத்தான். இத்தனை வருடத்துக்குப் பிறகு நாற்றம் இருந்ததா என்று நான் கேட்டேன். "இல்லை, பழக்க தோசம்" என்று சிரித்தார்.

பையன் உடனே கல் வாங்கி எரித்துப் பார்க்கலாம் என்றான். நான் சம்மதிக்கவில்லை. அந்த வாயு மூடிய இடத்தில் சேர்ந்தால் வெடிக்கும்.

இரண்டாவது பொருள் இரும்பு. ஒரு சாண் நீளக் கம்பி. ஒரு முனை கூர்மை. நடுவில் கம்பியை வளைத்து ஒரு வளையம். வளையத்தில் கட்டை விரல் நுழையும். இன்னொரு பக்கம் ஒரு கொக்கி. இதைத் தாத்தாவும் பார்த்ததில்லை. சொல்ல ஆள் இல்லை.

அப்படியானால் பொருளையே கேட்க வேண்டும். நாங்கள் ஒவ்வொன்றாகக் கேட்டோம்.

கூர் முனை எதற்கு? எதிலோ குத்துவதற்கு. இறைச்சியிலா? அப்படியானால் முனை தேய்ந்து மெல்லியதாக இருக்கும். இது தடிமன். பின் பக்கம் சுத்தியலால் தட்டிய தழும்பும் இருந்தது. ஆகவே மரத்தில் அடித்து இறக்கியிருக்கிறார்கள். மரம் இல்லாத இடத்தில்? அதற்குத்தான் கொக்கி. பாறை விளிம்பில் மாட்டலாம். ஆக, இது எதையோ தாங்கி நிற்கும் பொருள். எதைத் தாங்கும்? வளையத்தில் நிற்பதை. அது உருண்டையாக, கட்டை விரல் தடிமனில் இருக்க வேண்டும்.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பாட்டி மெதுவாகச் சொன்னார்.

"மெழுகுவர்த்தி."

வளையத்தின் உட்பக்கம் கருப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. குண்டூசியால் சுரண்டினோம். தீக்குச்சியில் காட்டினோம். உருகியது. தாத்தாவுக்கும் அப்போது நினைவு வந்தது. கார்பைடு விளக்குக்கு முன்னால் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் பாறையைக் குடைந்தார்கள் என்று அவர் அப்பா சொல்வாராம்.

அந்தப் பாட்டி மையத்துக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. "எனக்கு மூளை ஓடாது டீச்சர்" என்று தினமும் சொல்வார்.

நாலாயிரத்து ஐந்நூறு வருடத்துக் கல்

நமக்குத் தாத்தா இருந்தார். சொன்னார். சொல்ல ஒருவரும் இல்லாத காலத்துப் பொருள் கிடைத்தால் என்ன செய்வது?

சிந்து நதிப் பக்கம் ஹரப்பா, மொகஞ்சதாரோ என்று இரண்டு பழைய நகரங்கள் உண்டு. இன்று அவை பாகிஸ்தானில் இருக்கின்றன. 1921, 1922-ஆம் ஆண்டுகளில் அங்கே தோண்ட ஆரம்பித்தார்கள். அந்த மக்கள் ஏறக்குறைய நாலாயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன்னால் வாழ்ந்தவர்கள். அதே மக்களின் ஊர்கள் நம் குஜராத்திலும் உண்டு. லோத்தல், தோலாவீரா என்று பெயர். அவர்களுடைய எழுத்தை இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லை.

இந்த ஊர்களில் எல்லாம் சின்னச் சின்னச் சதுரக் கற்கள் கிடைத்தன. கடினமான கல். ஆறு பக்கமும் வழவழப்பு. தாயக்கட்டை மாதிரி இருக்கும். ஆனால் புள்ளி இல்லை. எழுத்து இல்லை. புள்ளி வைத்த தாயக்கட்டைகள் தனியாகவே அங்கே கிடைத்திருக்கின்றன. ஆகவே இது ஆட்டத்துக்கு இல்லை.

இந்த இடத்தில் நான் கேட்டேன்: "நீங்கள் என்ன செய்வீர்கள்?"

எங்கள் மையத்தில் காய்கறி விற்கும் அக்கா ஒருவர் உண்டு. அவர் உடனே, "தராசில் போட்டுப் பார்ப்பேன்" என்றார்.

சரியான பதில். ஹெம்மி என்ற அறிஞர் அதைத்தான் செய்தார். ஒரு கல்லை மட்டும் எடை போட்டிருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. நிறையக் கற்களை எடை போட்டார். கணக்கை வரிசையாக எழுதினார். அப்போது விஷயம் வெளியே வந்தது.

சின்னக் கல் ஒரு கிராமுக்கும் சற்றுக் குறைவு. அதை ஒரு பங்கு என்று வைத்துக் கொள்ளுங்கள். அடுத்த கல் இரண்டு பங்கு. அடுத்தது நான்கு. பிறகு எட்டு. பிறகு பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்து நான்கு. ஒவ்வொன்றும் முன்னதைப் போல இரண்டு மடங்கு. பதினாறு பங்குக் கல்தான் அதிகம் கிடைத்தது. அதன் எடை ஏறக்குறைய 13.7 கிராம்.

இது தற்செயலாக வருமா? வராது. இவை எடைக்கற்கள். தராசுத் தட்டுகளும் அந்த ஊர்களில் கிடைத்தன. செம்பில் செய்தவை.

இரட்டிப்பாக ஏன் செய்தார்கள்? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 1, 2, 4, 8 என்று நான்கு கற்கள் போதும். ஒன்று முதல் பதினைந்து வரை எந்த எடையையும் நிறுக்கலாம். ஐந்து வேண்டுமா? 4-ம் 1-ம். பதினொன்று வேண்டுமா? 8, 2, 1. நாங்கள் கரும்பலகையில் பதினைந்து வரைக்கும் போட்டோம். காய்கறி அக்காவுக்குக் கணக்கு எழுதத் தெரியாது. ஆனால் எனக்கு முன்னால் விடை சொன்னார்.

சின்னக் கல்லின் எடை எட்டு குன்றிமணி எடைக்குச் சமமாக வருகிறது. அதனால் குன்றிமணியிலிருந்துதான் இந்த அளவு வந்திருக்கலாம் என்று சில அறிஞர்கள் நினைக்கிறார்கள். நம் தட்டார்களும் தங்கத்தைக் குன்றிமணி வைத்துத்தானே நிறுத்தார்கள்?

இன்னொரு விஷயம். இந்த ஊர்களுக்கு நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம். ஆனால் எடை ஒன்றே. கடல் தாண்டி பஹ்ரைன் தீவிலும் இதே எடைக்கல் கிடைத்திருக்கிறது. கல்லில் எடை மாறினால் வியாபாரம் நடக்காது. காய்கறி அக்கா இதைக் கேட்டுவிட்டுத் தன் எடைக்கல்லைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் ஈயத்தில் அரசாங்க முத்திரை. "முத்திரை இல்லாத கல்லில் வாங்காதீங்க" என்று எல்லோருக்கும் சொன்னார். அன்றைக்கு அவர்தான் டீச்சர்.

செம்பு மனிதன்

எல்லாப் பொருளுக்கும் இப்படி விடை கிடைத்துவிடாது.

உத்தரப்பிரதேசத்தில் கங்கைக்கும் யமுனைக்கும் நடுவே உள்ள வயல்களில் ஒரு பொருள் கிடைக்கும். செம்பு. பார்த்தால் மனிதன் மாதிரி இருக்கும். வட்டமான தலை. உள்பக்கம் வளைந்த இரண்டு கைகள். விரிந்த இரண்டு கால்கள். முகம் இல்லை. கண், மூக்கு எதுவும் இல்லை. சில உருவங்கள் பல கிலோ எடை இருக்கும். மூவாயிரம் வருடங்களுக்கும் மேல் பழையவை.

இது எதற்கு? கும்பிடுவதற்கு என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை, பறவையை நோக்கி வீசி எறியும் ஆயுதம் என்று சிலர் சொல்கிறார்கள். கைகளின் ஓரம் தட்டிக் கூராக்கப்பட்டிருக்கிறது. கால்களில் அப்படி இல்லை. ஆயுதம் என்பவர்கள் காட்டும் சான்று அதுதான். பல கிலோ எடையுள்ளதைப் பறவை மேல் எறிவார்களா என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். எனக்கு இரண்டாவது கட்சிதான் சரி என்று தோன்றுகிறது. ஆனால் முடிவு ஆகவில்லை.

ஏன் முடிவு ஆகவில்லை? பெரும்பாலும் இவை ஏர் உழும்போதும் கால்வாய் வெட்டும்போதும் கிடைத்தவை. கிடைத்தவுடன் வெளியே எடுத்துக் கழுவிவிட்டார்கள். பக்கத்தில் என்ன இருந்தது? சாம்பல் இருந்ததா? எலும்பு இருந்ததா? நின்றிருந்ததா, படுத்திருந்ததா? யாரும் பார்த்து வைக்கவில்லை. நம் மெழுகுவர்த்திக் கம்பியை யாராவது பளபளவென்று தேய்த்திருந்தால், அந்தக் கருப்பு மெழுகு போயிருக்கும். நமக்கும் சந்தேகம் தீர்ந்திருக்காது.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய பொருளை முதலில் காண்பவர் பெரிய அறிஞர் இல்லை. 1870-ஆம் ஆண்டு மத்தியப்பிரதேசத்தில் குங்கேரியா என்ற கிராமத்தில் மாடு மேய்த்த இரண்டு பையன்கள் ஒரு குவியலைக் கண்டார்கள். அதில் 424 செம்புக் கருவிகள் இருந்தன. 102 வெள்ளித் தகடுகள் இருந்தன. மாடு மேய்ப்பவர், உழுபவர், கிணறு வெட்டுபவர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர், இவர்கள் கண்ணில்தான் முதலில் படும்.

அப்படி மண்ணுக்குள் புதைந்த பொருள் கிடைத்தால் என்ன செய்வது? 1878-ஆம் ஆண்டே இதற்குச் சட்டம் வந்திருக்கிறது. இந்தியப் புதையல் சட்டம் என்று பெயர். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்டக் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எங்கே கிடைத்தது, எந்தத் தேதியில் கிடைத்தது என்று எழுத வேண்டும். தெரிவித்தால் எல்லாம் போய்விடும் என்று நினைக்காதீர்கள். கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் உரிமை உண்டு என்று அதே சட்டம் சொல்கிறது. மறைத்தால்தான் உரிமை போகும், தண்டனையும் உண்டு. சில மாநிலங்களில் தனிச் சட்டம் இருக்கிறது. தாலுகா அலுவலகத்தில் கேட்டுக் கொள்ளுங்கள்.

தொடக்கூடாத பொருள்

இந்தப் பகுதியை நான் வகுப்பில் இரண்டு முறை படித்துக் காட்டினேன். எங்கள் தெருவில் பழைய இரும்பு பொறுக்கிப் பிழைப்பவர்கள் பலர். அதனால்தான்.

டெல்லியில் மாயாபுரி என்ற இடத்தில் பெரிய காயலான் சந்தை உண்டு. 2010-ஆம் ஆண்டு அங்கே ஒரு பழைய இயந்திரம் வந்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் இருந்த இயந்திரம். 1968-ல் வாங்கியது. 1985-க்குப் பிறகு அதை யாரும் பயன்படுத்தவில்லை. எதற்கு என்பதே மறந்துபோயிற்று. மற்றப் பழைய சாமான்களோடு ஏலத்தில் விட்டுவிட்டார்கள்.

அதற்குள் கோபால்ட்-60 என்ற பொருள் இருந்தது. அதிலிருந்து கதிர்வீச்சு வரும். கண்ணுக்குத் தெரியாது. நாற்றம் கிடையாது. சூடு தெரியாது. ஆனால் உடம்பை உள்ளே அழித்துவிடும். அது என்னவென்று தெரியாமல் உடைத்தார்கள். துண்டு துண்டாகப் பிரித்தார்கள். கொஞ்ச நாளில் வேலையாட்களுக்கு வாந்தி வந்தது. தோல் கருத்தது. முடி கொட்டியது. பலரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஒருவர் இறந்துபோனார்.

படித்தவர்கள் மறந்ததற்கு, பிரித்தவர் உயிரைக் கொடுத்தார். எனக்கு இதில் ஆற்ற முடியாத கோபம்.

கதிர்வீச்சுக்கு உலகம் முழுவதும் ஓர் அடையாளம் உண்டு. மஞ்சள் நிறம். நடுவில் ஒரு கருப்புப் புள்ளி. அதைச் சுற்றி மின்விசிறி இறக்கை மாதிரி மூன்று இறக்கைகள். இதைக் கண்டால் தொடக்கூடாது. தள்ளிப் போய்ப் போலீசுக்குச் சொல்ல வேண்டும். அடையாளம் அழிந்து போயிருக்கவும் கூடும். அதனால் சின்னதாக இருந்தும் மிகக் கனமாக உள்ள ஈயப் பெட்டி, பூட்டிய இரும்பு உருளை, இவற்றை உடைக்கவே கூடாது. ராணுவம் சுட்டுப் பழகும் இடங்களில் கிடக்கும் குண்டுகளும் அப்படித்தான். பித்தளை விலைக்கு ஆசைப்பட்டுத் தட்டினால் வெடிக்கும்.

2716

எல்லாம் பேசி முடித்தபோது மணி எட்டரை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த அக்கா எழுந்து வந்தார். முடிச்சை அவிழ்த்தார்.

ஒரு பித்தளை வில்லை. பழைய ஒரு ரூபாயை விடப் பெரியது. மேலே ஒரு துளை. நடுவில் எண். அக்காவே எழுத்துக் கூட்டுவது போல ஒவ்வொரு எண்ணாகப் படித்தார்.

"இரண்டு... ஏழு... ஒன்று... ஆறு."

"அப்பா பெட்டியில இருந்தது. வீட்டுல புள்ளைங்க இதை வச்சுப் பாண்டி ஆடுதுங்க. மாட்டுக்குக் கட்டுறதா? நாய்க்குக் கட்டுறதா?"

தாத்தா கையை நீட்டினார். வில்லையைத் தடவினார். எண்ணின் மேல் விரல் நின்றது.

"இது சுரங்கத்து வில்லை" என்றார். "ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பர். மேலே ஒரு பலகை இருக்கும். அதுல வரிசையா ஆணி. கூண்டுல இறங்கும்போது வில்லையைப் பலகையில மாட்டிட்டுப் போவணும். ஷிப்டு முடிஞ்சு மேல வந்தா எடுத்துக்கணும்."

"எதுக்கு?"

"சில நாள்ல பாறை வெடிக்கும் அம்மா. அப்போ பலகையைத்தான் பார்ப்பாங்க. வில்லை தொங்குதுன்னா, அந்த ஆள் இன்னும் உள்ள இருக்கான்."

எங்கள் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். யாரும் பேசவில்லை.

அக்கா வில்லையைத் திரும்ப வாங்கிப் பார்த்துக் கொண்டே இருந்தார். அவர் அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. வீட்டில், கட்டிலில் இறந்தார். சுரங்கம் மூடிய அன்றும் வேலைக்குப் போனவர்.

"அப்போ, இது வீட்டுல இருக்குன்னா..." என்றார்.

"கடைசி ஷிப்டுக்கு உன் அப்பன் மேல வந்துட்டான்னு அர்த்தம்" என்றார் தாத்தா.

அக்கா வில்லையை மறுபடி முந்தானையில் முடிந்து கொண்டார்.

பயிற்சி

1. கீழே உள்ள சொற்களைப் படியுங்கள். எழுதுங்கள்: வில்லை, கொக்கி, தராசு, எடைக்கல், புதையல், கதிர்வீச்சு.

2. 1, 2, 4, 8 ஆகிய நான்கு எடைக்கற்கள் உங்களிடம் உள்ளன. 7, 10, 13 நிறுக்க எந்தெந்தக் கற்கள் வேண்டும்?

3. கிணறு வெட்டும்போது உங்களுக்கு ஒரு செம்புப் பொருள் கிடைக்கிறது. கலெக்டருக்கு ஐந்து வரியில் ஒரு கடிதம் எழுதுங்கள். பொருள், இடம், தேதி மூன்றும் இருக்க வேண்டும்.

4. உங்கள் வீட்டில் உள்ள ஒரு பழைய பொருளை எடுங்கள். எங்கே தேய்ந்திருக்கிறது? எங்கே கறை இருக்கிறது? கை எங்கே பிடிக்கிறது? எழுதுங்கள். பிறகு வீட்டில் மூத்தவரிடம் கேளுங்கள். அவர் சொன்னதையும், சொன்னவர் பெயரையும் அதன் கீழே எழுதுங்கள்.